கோத்தகிரி கோடை முகாமில் தன்னார்வலராகப் போகிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மழைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் பி.எஸ்சி. இறுதியாண்டு படிக்கிறேன். தேர்வு முடிந்ததும் மே மாதம் கோத்தகிரி பக்கம் ஒரு குழந்தைகள் கோடை முகாமில் பத்து நாள் தன்னார்வலராக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். மொத்தம் நாற்பது பிள்ளைகள், எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை. பாதிப் பேர் கோவை, திருப்பூரிலிருந்து பணம் கட்டி வருகிறவர்கள். மீதிப் பேர் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள் (தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. எனக்குச் சாப்பாடும் தங்க இடமும் தருவார்கள். சம்பளம் இல்லை, பஸ் செலவு என்னுடையது.

எனக்குத் தம்பி தங்கை யாரும் இல்லை. சின்னப் பிள்ளைகளோடு இருந்து பழக்கமில்லை. ஆசை மட்டும் நிறைய இருக்கிறது. என்ன எடுத்துப் போக வேண்டும், போவதற்கு முன் நடத்துகிறவர்களிடம் என்ன கேட்க வேண்டும்? இப்படி இருந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அம்மாவுக்கும் படித்துக் காட்டப் போகிறேன்.

---

தேயிலைமேடு

தங்கச்சி, நான் கோத்தகிரிக்காரன். ஆறு கோடைக்கு இந்த வேலையைச் செய்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

பகலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பாட்டு, விளையாட்டு, களிமண், வண்ணம் எல்லாம் தானாக ஓடிவிடும். இந்த வேலை இரவில்தான் இருக்கிறது. முதல் நாள் ராத்திரி விளக்கணைத்துக் கால் மணி நேரத்தில் ஒரு மூலையில் விசும்பல் கேட்கும். ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் நாலு பிள்ளைக்குத் தொற்றும். அப்போது "அழாதே, நாளைக்கு ஜாலியா இருக்கும்" என்று சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், நாய் இருக்கிறதா, ராத்திரி யார் பக்கத்தில் படுப்பாய் என்று கேளுங்கள். வீட்டை மறக்கவைக்கப் பார்ப்பதைவிட வீட்டைப் பற்றிப் பேசவிடுவதுதான் தூங்க வைக்கும். பல வருஷம் கழித்துத்தான் இது எனக்குப் புரிந்தது.

படுக்கையில் சிறுநீர் போகிற பிள்ளை எப்படியும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். புது இடமும் குளிரும் சேர்ந்தால் பத்து வயதிலும் நடக்கும். படுக்கும் முன் எல்லோரையும் ஒரு முறை கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள், நள்ளிரவில் எழுப்ப வேண்டியவர்களை எழுப்புங்கள். மாற்றுப் போர்வையை உங்கள் பைக்குள்ளேயே வைத்திருங்கள். காலையில் மற்றவர்கள் பல் தேய்க்கப் போயிருக்கும்போது மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு அந்தப் பத்து நாளும் தலை நிமிர்ந்து நடக்க அது ஒன்று போதும்.

ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதம்தானே என்று கோவைக்காரர்கள் ஸ்வெட்டர் இல்லாமல் வந்துவிடுவார்கள். மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும், மூன்று மணிக்குக் கோடை மழை இறங்கும், ஆறு மணிக்கு விரல் விறைக்கும். காதை மூடுகிற குல்லா, இரண்டு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, நாலு ஜோடி சாக்ஸ். குடை வேண்டாம், பிள்ளைகளைப் பிடிக்க உங்களுக்கு இரண்டு கையும் வேண்டும். டார்ச் கட்டாயம், காற்று மழை வந்தால் கரண்ட் போய்விடும்.

சமையலறையிலும் ஒரு கை கொடுக்கச் சொல்வார்கள். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சோறும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும். கீழ்நாட்டுக் கணக்கில் அடுப்பை அணைத்தால் நாற்பது பிள்ளைக்கும் அரைவேக்காடு, மறுநாள் வயிற்று வலி. பருப்பைக் குக்கரில் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் தின்பண்டம். படுக்கிற அறையில் ஒரு பிஸ்கட் பொட்டலம்கூட இருக்கக் கூடாது. இங்கே கரடி வீட்டு வாசல் வரைக்கும் வரும். கதவை உடைத்து உள்ளே புகுந்ததும் உண்டு. காட்டுமாடு தேயிலைக்குள்ளேயே நிற்கும், மூடுபனியில் பத்தடிக்கு முன்னால்தான் தெரியும். இருட்டின பிறகு எந்தப் பிள்ளையும் தனியாகக் கட்டடத்துக்கு வெளியே போகக் கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள், மற்றதில் விட்டுக்கொடுக்கலாம்.

---

மேட்டுப்பாளையத்துக்காரர்

போக்குவரத்து மட்டும் நான் சொல்கிறேன். அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் வேண்டியதில்லை. அப்பா காரில் கொண்டுவந்து விடுவதாக இருந்தால் இ-பாஸ் எடுத்தே ஆக வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து இது இருக்கிறது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். அதனால் வார நாளில் கிளம்புவது நல்லது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். சீசனில் ஒருவழிப் பாதை போடுவார்கள், கிளம்பும் முன் பஸ் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளோடு பஸ்ஸில் ஏறினால் வாந்தி வருகிறவர்களை முன் இருக்கையில் உட்காரவைத்து நேரே சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது. குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை சாலைக்கு வரும், அங்கே இறங்கி நின்று படம் எடுக்கிற ஆசையே வேண்டாம்.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

---

கடலோரக்காரி

நான் இப்போது குன்னூரில் ஆசிரியை. அதற்கு முன் மாமல்லபுரம் பக்கத்தில் கடற்கரையில் நடந்த ஒரு குழந்தைகள் முகாமில் இரண்டு கோடை தன்னார்வலராக இருந்தேன். அங்கே கற்றதுதான் இந்த மலையில் எனக்கு அதிகம் உதவியது, அதனால் சொல்கிறேன்.

கடலில் ஜோடி வைப்போம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கூட்டாளி. விசில் ஒரு முறை அடித்தால் கூட்டாளியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். கை உயராத ஜோடி இருந்தால் எல்லோரும் உடனே கரைக்கு வர வேண்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் கிடையாது. பெரியவர்கள் பிள்ளைகளுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்க வேண்டும், கரையில் நின்று பார்க்கக் கூடாது. அலை உடையாமல் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அதுதான் உள்ளே இழுக்கிற இடம். அதை முதல் நாளே பிள்ளைகளுக்குக் காட்டிவிடுவோம், எங்கள் மீனவ அண்ணன் ஒருவர் வந்து மணலில் கோடு போட்டு விளக்குவார்.

மலைக்கு வந்த பிறகு பார்த்தால் இங்கே யாரும் ஜோடி வைப்பதில்லை. கடல் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து, எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் நடக்கும்போது அந்தப் பயம் வருவதில்லை. ஒரு முறை நாங்கள் இருபத்திரண்டு பிள்ளைகளோடு நடந்துகொண்டிருந்தோம், பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறியது. ஐந்து நிமிஷத்தில் எனக்கு முன்னால் போன நாலு பேரைத் தவிர யாரும் தெரியவில்லை. எண்ணினால் இருபத்தொன்று. எனக்குக் கால் நடுங்கியது. விசிலடித்தேன். செடி மறைவில் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த சின்னப் பெண் கையை உயர்த்திக்கொண்டே ஓடி வந்தாள். முந்தின நாள்தான் அவளுக்கு அந்த விசில் விளையாட்டைச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஆகவே ஜோடி வையுங்கள். தினமும் ஜோடியை மாற்றாதீர்கள், மாற்றினால் யார் இல்லை என்று கூட்டாளிக்கே தெரியாது. கிளம்பும்போது, பாதியில், திரும்பியதும், மூன்று முறை எண்ணுங்கள்.

---

மழைச்சாரல்

கடலோரக்காரி அக்கா, படிக்கும்போதே எனக்குக் கை சில்லிட்டது. விசில் வாங்கிவிட்டேன். தேயிலைமேடு அண்ணா, போர்வை விஷயத்தை அம்மாவிடம் காட்டினேன். "இப்படிச் சொல்கிறவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகலாம்" என்றார்.

ஒரு சந்தேகம். பெற்றோரோடு போன் பேச முகாமில் அனுமதி இல்லையாம். அது சரியா?

---

இரண்டு பிள்ளைகளின் அம்மா

சரியில்லை என்றுதான் சொல்வேன். போன வருஷம் என் மகனை ஒரு முகாமுக்கு அனுப்பினேன். ஏழு நாளும் பேசவிடவில்லை, "நன்றாக இருக்கிறான்" என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தி மட்டும் வந்தது. வீட்டுக்கு வந்தபோது காது வலியில் துடித்தான். மூன்று நாளாக வலியாம், யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் ஒரு நிமிஷம் பேசியிருந்தால் குரலிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

---

தேயிலைமேடு

அக்கா, உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் எதிர்ப்பக்கமும் நான் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் போன் கொடுத்தால் அதுவரை குதித்துக்கொண்டிருந்த பிள்ளை அம்மா குரல் கேட்டதும் உடைந்துவிடும், ராத்திரி முழுக்க அழும். லைன் வீட்டுப் பிள்ளைகளின் அம்மாக்கள் அந்த நேரம் கொழுந்து எடைபோட்டுவிட்டு வந்துகொண்டிருப்பார்கள். போன் எடுக்க மாட்டார்கள். மற்ற பிள்ளைகள் பேசுவதை இவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால்தான் வேண்டாம் என்று வைத்தோம்.

---

வார்டு அக்கா

நான் ஊட்டியில் செவிலியர். இந்த விஷயத்தில் தேயிலைமேடு தம்பியோடு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லோருக்கும் தினமும் போன் என்று வைக்க வேண்டாம், சரி. ஆனால் ஒரு பிள்ளை "அம்மாவிடம் பேச வேண்டும்" என்று கேட்டால் மறுக்கக் கூடாது. காது வலி மட்டும் காரணமாக இருக்காது. யாராவது தப்பாக நடந்துகொண்டாலும் பிள்ளை முதலில் கேட்பது இதைத்தான்.

மழைச்சாரல், போவதற்கு முன் நடத்துகிறவர்களிடம் இதையெல்லாம் கேளுங்கள். தன்னார்வலர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு வாங்குகிறார்களா? பெரியவர் ஒருவர் பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா? பெண் பிள்ளைகள் படுக்கும் இடத்தில் யார் இருப்பார்கள்? முறையிட வேண்டுமென்றால் பிள்ளை யாரிடம் போகும்? இதைக் கேட்டதற்கு முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம். தப்பு நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டத்தின்படி குற்றம், அது தன்னார்வலருக்கும் பொருந்தும். 1098 என்ற எண்ணை முதல் நாளே பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள். இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

உடம்பு சம்பந்தமாகச் சில: இழுப்பு இருக்கிற பிள்ளையின் பெயரை முதலிலேயே வாங்குங்கள், குளிர்க் காற்றும் தீமூட்டும் புகையும் சேர்ந்தால் இழுப்பு வரும். அந்தப் பிள்ளையின் இன்ஹேலர் அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கக் கூடாது, கூட நடக்கிறவர் பையில் இருக்க வேண்டும். மலை வெயில் குளிர்ச்சியாகத் தெரியும், ஆனால் உயரம் கூடக் கூட தோலைச் சுடும். தொப்பி போடாத பிள்ளைக்கு இரண்டாம் நாள் மூக்கு உரியும். அட்டை கடித்தால் பயப்பட வேண்டாம், நகத்தால் ஓரமாகத் தள்ளி எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். குரங்கோ நாயோ கடித்தாலும் நகம் பட்டாலும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும். "சின்னக் கீறல்தானே" என்று விடவே கூடாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முகாம் முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் வந்தால், மலையில் புதரிலும் புல்லிலும் விளையாடியதை டாக்டரிடம் சொல்லச் சொல்லிப் பெற்றோருக்குத் தாள் கொடுத்தனுப்புங்கள். உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். அக்குளிலோ இடுப்பிலோ கருப்பாக ஒரு பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையில் குணமாகும், விட்டால் ஆபத்து.

---

தேயிலைமேடு

வார்டு அக்கா, ஒப்புக்கொள்கிறேன். கேட்கிற பிள்ளைக்கு மறுப்பதில்லை என்று இந்த வருஷத்திலிருந்து மாற்றச் சொல்கிறேன். நேரத்தை மட்டும் காலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. காலையில் பேசினால் அழுதாலும் அடுத்தது விளையாட்டு இருக்கும். லைன் வீட்டு அம்மாக்களும் வேலைக்குக் கிளம்பும் முன் எடுப்பார்கள்.

---

பழனிமலை

கொடைக்கானலில் இருந்து ஒரு சின்னக் குறிப்பு. நடைப்பயணத்தை மதியம் ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். மே மாதம் பிற்பகல் இடி மின்னல் இங்கே அடிக்கடி. மொட்டைப் பாறை மேலும் தனி மரத்தடியிலும் நிற்கக் கூடாது. பிள்ளைகள் குறிஞ்சி எங்கே என்று கேட்பார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. நான் அவர்களிடம் "2030-இல் உனக்கு என்ன வயசு?" என்று கேட்டு ஒரு அட்டையில் எழுதவைப்பேன். விரல்விட்டு எண்ணிப் பார்க்கிற அந்த முகங்களை மறக்க முடியாது.

---

லைன் வீட்டுப் பையன்

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

என் தாத்தா இலங்கை மலையகத்திலிருந்து சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே வந்தவர். அம்மா, அப்பா இரண்டு பேரும் கொழுந்துப் பறிப்புதான். பதினொரு வயதில் இப்படி ஒரு முகாமுக்கு என்னைக் கட்டணமில்லாமல் சேர்த்தார்கள். இப்போது எனக்கு இருபத்தெட்டு.

நல்லவர்கள்தான் எல்லோரும். ஆனால் சில விஷயம் இன்றைக்கும் உறுத்துகிறது. முதல் நாள் எங்களை மட்டும் தனியாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். பணம் கட்டி வந்தவர்களுக்குக் கழுத்தில் நீல அட்டை, எங்களுக்கு மஞ்சள் அட்டை. சாப்பாட்டு வரிசையில் அந்த அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நின்றேன். கடைசி நாள் நன்றி சொல்லி ஒரு பாட்டு எங்களை மட்டும் பாடச் சொன்னார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு அக்கா இருந்தார். கிளம்பும்போது "கண்டிப்பாக லெட்டர் போடுகிறேன்" என்றார். எஸ்டேட் ஆபீசுக்குத்தான் தபால் வரும். ஜூன், ஜூலை இரண்டு மாதம் பள்ளிக்கூடம் விட்டதும் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். கிளார்க் ஐயா என்னைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுவார். அந்த அக்காவுக்கு நினைவே இருந்திருக்காது. இத்தனை வருஷம் கழித்து அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் வாசலில் நின்றது ஞாபகம் இருக்கிறது.

அதே முகாமில் ஒரு அண்ணன் அதிகம் பேசமாட்டார். விடியற்காலை எழுந்து, விழித்திருக்கிற பிள்ளைகளை ஓடைப் பக்கம் கூட்டிப்போவார். பள்ளிக்கூடப் பையன் சோம்பலாக விசிலடிக்கிற மாதிரி ஒரு குரல் கேட்கும். தினமும் கேட்ட குரல்தான், எங்கள் லைன் பின்னால் ஓடையிலேயே கேட்கும். "அது சீகாரப் பூங்குருவி" என்று அவர் சொல்லித்தான் அதற்குப் பெயர் இருப்பது எனக்குத் தெரியும். "உன் வீட்டுப் பக்கம் எங்கே உட்காரும், எனக்குச் சொல்" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்ததை ஒரு பெரியவர் நோட்டில் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. கோத்தகிரி பக்கத்து லாங்வுட் சோலைக் காட்டை 2024-இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்த்தார்கள் என்று செய்தி வந்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. இன்று நான் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன்.

மழைச்சாரல், லெட்டர் போடுகிறேன் என்று சொல்லாதீர்கள். சொன்னால் போடுங்கள். எங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள், எந்தச் செடியைத் தொட்டால் எரியும், காட்டுமாடு எந்த வழியாகத் தண்ணீருக்கு இறங்கும், எந்த மேகம் மழையாக மாறும், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். நகரத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லிக்கொடுக்கட்டும்.

---

இரண்டு பிள்ளைகளின் அம்மா

தம்பி, என் மகன் கழுத்தில் இருந்தது நீல அட்டையா என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. இதுவரை கேட்கத் தோன்றவில்லை. இந்த முறை பணம் கட்டும் முன் கேட்பேன்.

---

தேயிலைமேடு

தம்பி, உங்கள் பதிவை முகாம் நடத்துகிறவர்களுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன், உங்கள் பெயர் இல்லாமல். அட்டை எல்லோருக்கும் ஒரே நிறம் என்று பதில் வந்தது. படுக்கையும் கலந்து போடப் போகிறோம்.

---

மழைச்சாரல்

முகாம் முடிந்து நேற்று வீடு வந்தேன். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதல் இரண்டு இரவு நான் தூங்கவே இல்லை. திருப்பூர் பையன் ஒருவன், ஒன்பது வயது, போர்வைக்குள் அழுதான். அண்ணா சொன்ன மாதிரி வீட்டைப் பற்றிக் கேட்டேன். தையல் மெஷின் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றான். வீட்டிலேயே அவன் அப்பா இரவு முழுக்கத் தைப்பாராம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்த எஸ்டேட் பையன் நாக்கை மேலண்ணத்தில் தட்டி டகடகவென்று மெஷின் சத்தம் போட்டான். இரண்டு பேரும் சிரித்துவிட்டுத் தூங்கிப்போனார்கள். மூன்றாம் நாளிலிருந்து அவர்கள்தான் ஜோடி.

போர்வை இரண்டு முறை மாற்றினேன். யாருக்கும் தெரியாது. ஆறாம் நாள் மூடுபனி வந்தது, விசிலடித்தேன், இருபது ஜோடிக் கையும் உயர்ந்தது. ஒரு பெண் காலையில் அம்மாவிடம் பேச வேண்டும் என்றாள், பேசவைத்தோம். வீட்டில் பூனை குட்டி போட்டதா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

எனக்குச் சரியாக வராததும் உண்டு. நாலாம் நாள் அலுப்பில் ஒரு பையனிடம் கத்திவிட்டேன். அன்று முழுக்க அவன் என் பக்கமே வரவில்லை. இரவு மன்னிப்புக் கேட்டேன், தலையாட்டினான், ஆனால் பழைய மாதிரி ஒட்டவில்லை. அது இன்னும் மனசில் இருக்கிறது.

கிளம்பும்போது நாலு பிள்ளைகள் லெட்டர் போடுவீர்களா அக்கா என்று கேட்டார்கள். நாலு பேருக்குப் போட முடியும் என்று நிச்சயமாகத் தெரிந்ததால் சரி என்றேன். இன்று காலை தபால் நிலையத்தில் கார்டு வாங்கி எழுதிப் போட்டுவிட்டேன். லைன் வீட்டுப் பையன் அண்ணா, அதில் இரண்டு எஸ்டேட் ஆபீஸ் முகவரிக்கு.

---

லைன் வீட்டுப் பையன்

அங்கே மழை பிடித்திருக்கிறது, தபால் இரண்டு நாள் தாமதமாகும். பென்சிலால் எழுதியிருந்தால் நல்லது, பேனா மை நனைந்தால் பரவிவிடும். அடுத்த கார்டுக்குப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.